பழைய பைலில் தமிழ் தெரியவில்லையா? அழித்துவிடாதீர்கள்

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பள்ளிவாசல் நிருவாகம், கோயில் பரிபாலன சபை, மீனவர் சங்கம், மாதர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று எதிலாவது இருந்து ஒரு மலரோ, கணக்கறிக்கையோ, பெயர்ப்பட்டியலோ கொம்பியூட்டரில் அடிப்பித்தவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இதுதான். "சேர், பழைய பைல் ஒண்டு இருக்கு. திறந்தா முழுக்க இங்கிலீஸ் எழுத்தா வருது. வைரஸ் புடிச்சிருக்கு போல. அழிச்சிரட்டா?" சிலர் கேட்காமலே அழித்துவிட்டு வந்து சொல்கிறார்கள். நாங்கள் ஓட்டமாவடிப் பக்கமிருந்து திருகோணமலை வீதியால் வாகரைக்குப் போய்ப் படிப்பிப்பவர்கள். இரண்டு பக்கத்திலும் இதே கதையைத்தான் கேட்கிறோம். ஒரு பக்கம் பள்ளிவாசலின் சந்தாக் கணக்கு, மறுபக்கம் கோயிலின் கும்பாபிஷேக மலர்.

அநேகமாக அந்தப் பைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதில் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் அப்படியே இருக்கும். அதைத் தமிழாகக் காட்டிய எழுத்துருதான், அதாவது நாம் 'பொன்ட்' என்று சொல்வதுதான், அந்த மெசினில் இல்லை. அது ஏன், அதை எப்படிச் சரி செய்வது, இப்போதே ஏன் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் காரணம்.

கொம்பியூட்டருக்கு எழுத்து தெரியாது. இலக்கம்தான் தெரியும். வகுப்பு இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. "7" என்று கூப்பிட்டால் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பும், பக்கத்து வகுப்பில் வேறு பிள்ளை எழும்பும். இலக்கம் ஒன்றுதான், இடாப்பு வேறு. கொம்பியூட்டரில் 109ஆம் இலக்கம் என்றால் ஆங்கிலச் சின்ன எழுத்து 'எம்'. உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் எங்கள் நாட்டில் தமிழ் அடிக்கப் பரவலாகப் பாவித்த பாமினி எழுத்துருவில் அதே 109ஆம் இலக்கத்துக்கு 'அ' என்ற உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் பைலுக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'வாகரை' என்று அடித்தால் பதிவாவது டி, எச், எஃப், ஐ, யு. பாமினி இருக்கும் மெசினில் அது வாகரையாகத் தெரியும். இல்லாத மெசினில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளியே தெரியும். உங்கள் பைலில் எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளியாக இருக்கிறதா? அது மெய்யெழுத்தின் குற்று. அப்படிக் கண்டால் சந்தோசப்படுங்கள். அது பாமினி, மீட்கலாம்.

யூனிகோட் என்பது இதற்கு மாறான ஏற்பாடு. உலகத்தின் எல்லா மொழிகளுக்கும் ஒரே இடாப்பு. தமிழுக்கு 2944 தொடக்கம் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 'அ' எப்போதும் 2949தான். எந்தத் தமிழ் எழுத்துரு இருந்தாலும் அது 'அ'வாகவே தெரியும். நீங்கள் இப்போது கைபேசியில் வாசித்துக்கொண்டிருப்பது யூனிகோட் தமிழ்தான். யூனிகோட் பைலுக்கு எழுத்துரு கிடைக்காவிட்டால் ஆங்கிலம் வராது, வெறும் பெட்டி பெட்டியாக வரும். ஆங்கில எழுத்தா, பெட்டியா என்று பார்த்தாலே உங்கள் பிரச்சினை எந்த வகை என்று பாதி தெரிந்துவிடும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் பாமினியில் அடித்தார்கள் என்று கேட்கலாம். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. யூனிகோட்டின் முதல் பதிப்பு 1991இல் வந்தாலும், விண்டோஸில் 'லதா' எழுத்துருவோடு தமிழ் வந்தது விண்டோஸ் 2000இல்தான். அதற்கு முன்பே அச்சகங்களும் கொமினிகேஷன் கடைகளும் வேலையைத் தொடங்கிவிட்டன. புத்தகம், மலர், நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில் செய்தார்கள். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் அது. 1994இல் அடோபியின் கைக்குப் போனது. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7, 2001இல் வந்தது. அந்தக் கடைசிப் பதிப்புக்குக்கூட யூனிகோட் தெரியாது. அதற்குப் பின் வந்த இன்டிசைனிலும் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு கிடைத்தது 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான். அதுவரை பக்கம் கட்டியவர்களுக்குப் பாமினி போன்ற எழுத்துருக்களை விட்டால் வழியில்லை. நம் ஊர்களின் எத்தனையோ மலர்களும் புத்தகங்களும் அந்தத் தட்டச்சாளர்களின் கையால் வந்தவை.

இனி, இது ஏன் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது என்று சொல்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பயிற்சித்தாள்களை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். பல ஆசிரியர்களிடம் இருந்தவை எல்லாம் வேர்ட் பைலில் பாமினியால் அடித்தவை. ஆசிரியரின் லெப்டொப்பில் அது அழகான தமிழ். கதிரவெளியிலோ பனிச்சங்கேணியிலோ உம்மாவின், அம்மாவின் கைபேசியில் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கிலமும். கைபேசியில் பாமினி இல்லை. ஒரு தாய் எடுத்துக் கேட்டார்: "சேர், எங்கட புள்ளைக்கு இங்கிலீஸ் மீடியமா இப்ப?" சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. சிக்னல் எடுக்க வீட்டை விட்டு வெளியில் வந்து, டேட்டாக் காசு கொடுத்து இறக்கிய தாள் அது. அந்தப் பைலை அனுப்பு முன்பு பீடிஎப் ஆக்கியிருந்தால் போதும். பீடிஎப் எழுத்துருவைத் தன்னோடு கட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு விசயம் பரவத் தொடங்கிய பிறகு தாள்கள் பிள்ளைகளிடம் தமிழாகப் போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது விசயம் இன்னும் பாரமானது.

2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வாகரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அடுத்து வந்த நினைவு நாளுக்குச் சிறு மலர் ஒன்று அடித்திருந்தார்கள். அதில் இரண்டு பக்கத்துக்குப் பெயர்கள். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் சண்டை வந்து சனம் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தபோது வீட்டில் வைத்திருந்த மலர்களும் போய்விட்டன. இருபதாவது ஆண்டு வந்தபோது அந்தப் பெயர்களைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று ஊரார் விரும்பினார்கள். யாரிடமும் மலர் இல்லை. அன்று வேலையைப் பொறுப்பாகச் செய்த ஒரு தம்பியிடம் சீடி மட்டும் இருந்தது. கடையில் கொடுத்துப் பார்த்தார்கள். "பைல் கரப்ட், புதுசா அடிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று பெரியவர்கள் ஞாபகத்தில் இருந்து பெயர் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் மறுத்தார். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பதிவில் இருந்த பெயர் ஒன்று. குடும்பத்தோடு போனவர்களின் பெயரைச் சொல்ல ஆளே இல்லை.

சீடியில் இருந்தது பேஜ்மேக்கர் பைல். திறந்தபோது எழுத்துரு இல்லை, வேறொன்றைப் போடட்டுமா என்று கேட்டது. எங்களிடம் இருந்த வேறொரு பழைய தமிழ் எழுத்துருவைக் கொடுத்தோம். உடனே தமிழ் வந்தது. வந்த சந்தோசத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் "பிரிண்ட் எடுங்க சேர்" என்றார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. 'ஜ' வர வேண்டிய இடங்களில் சதுர அடைப்புக்குறி. 'ஸ்ரீ' இருந்த இடம் வெறுமை. சில இடங்களில் குறிலுக்கு நெடில். அந்த எழுத்துருவும் பாமினியைப் பார்த்து வரைந்ததுதான், ஆனால் அருமையாக வரும் எழுத்துகளை வேறு இலக்கங்களில் வைத்திருந்தது.

முழுதும் பிழையாகத் தெரிந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பெரும்பாலும் சரியாகத் தெரிந்தால்தான் அப்படியே கல்லுக்குப் போய்விடும். எழுத்துரு வேலையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

பிறகு அந்தத் தம்பி, அப்போது மலரை அடித்தவரைத் தேடிப் பிடித்தார். அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதே எழுத்துரு கிடைத்தது. போட்டவுடன் அடைப்புக்குறிகள் எல்லாம் 'ஜ' ஆகின, வெறுமை 'ஸ்ரீ' ஆனது. அதற்குப் பின்னும் பிரிண்ட் எடுத்து, வீடு வீடாகப் போய், உரித்தானவர்களுக்கு வாசித்துக் காட்டித்தான் முடித்தார்கள். ஞாபகத்தில் யாருக்கும் வராத ஒரு குடும்பத்தின் சின்னப் பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பைலில் வயதோடு இருந்தன. அந்தப் பைலை அழித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதற்கு ஊரில் எழுத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சரி, உங்களிடம் இப்படி ஒரு பைல் இருந்தால் என்ன செய்வது? ஒழுங்காகச் சொல்கிறோம்.

முதலாவது, பிரதி எடுங்கள். சீடியிலோ பென்டிரைவிலோ இருக்கும் மூலத்தில் கை வைக்காதீர்கள். திறந்து பார்த்து எழுத்து மாறித் தெரிந்தால் 'சேவ்' கொடுக்காமல் மூடுங்கள். பேஜ்மேக்கர் வேறு எழுத்துருவைப் போடட்டுமா என்று கேட்கும்போது தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா என்றும் கேட்கும். தற்காலிகம் என்றே கொடுங்கள். நிரந்தரம் என்று கொடுத்துச் சேமித்தால் முதலில் எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்ற தகவலே போய்விடும்.

இரண்டாவது, எச்சரிக்கையில் காட்டும் எழுத்துருவின் பெயரைக் கொப்பியில் எழுதுங்கள். படம் பிடித்தாலும் சரி. அந்தப் பெயர்தான் உங்கள் திறப்பு. இன்டிசைனில் எழுத்துரு இல்லாத வசனங்கள் ரோஸ் நிறப் பூச்சோடு தெரியும். 'டைப்' மெனுவில் எழுத்துருவைத் தேடி மாற்றும் பகுதிக்குப் போனால் எது இல்லை என்று பட்டியலே கிடைக்கும். பீடிஎப் என்றால் அதன் 'ப்ரொப்பர்ட்டீஸ்' பகுதியில் எழுத்துருக்களின் பட்டியலையும், அவை உள்ளே கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்கலாம்.

மூன்றாவது, அதே பெயருள்ள எழுத்துருவைத் தேடுங்கள். முதலில் இணையத்தில் தேட வேண்டாம். பைலை அடித்த மெசினிலோ, அடித்தவரிடமோ, அதே காலத்தில் அதே கடையில் செய்த வேறு சீடிகளிலோ பாருங்கள். மூலத்தோடு பிசகில்லாமல் பொருந்துவது அங்கே இருப்பதுதான். ஒரே பெயரில் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான பல எழுத்துருக்கள் சுற்றுகின்றன. வேறொரு எழுத்துருவின் பைலுக்குப் பெயர் மாற்றினால் சரிவரும் என்றும் நினைக்க வேண்டாம். மென்பொருள் பார்ப்பது எழுத்துருவுக்கு உள்ளே எழுதியிருக்கும் பெயரை.

நான்காவது, எழுத்துருவைப் போட்ட பிறகும் மென்பொருள் "இல்லை" என்று சொன்னால் இதைப் பாருங்கள். விண்டோஸ் 10இன் 2018 கடைசியில் வந்த பதிப்பில் இருந்து, எழுத்துருவைச் சும்மா 'இன்ஸ்டோல்' கொடுத்தால் அந்த ஒரு பாவனையாளருக்கு மட்டும் என்று தனி இடத்தில் போய் இருக்கலாம். பழைய மென்பொருட்கள் சிலவற்றுக்கு அந்த இடம் தெரியாது. வலது பக்கக் கிளிக் செய்து எல்லாப் பாவனையாளர்களுக்கும் என்று போடுங்கள். மென்பொருளை மூடித் திறவுங்கள். "பொன்ட் போட்டும் வருதில்ல" என்று எங்களிடம் வந்த பலருக்கு இதோடு சரி வந்திருக்கிறது.

ஐந்தாவது, டைப் 1 என்ற பழைய வகை எழுத்துரு. ஓர் எழுத்துருவுக்கு இரண்டு பைல்களாக இருக்கும். ஒன்றின் கடைசியில் பீஎப்பி, மற்றதில் பீஎப்எம் என்று இருக்கும். 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருட்களில் இந்த வகைக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. நேற்று வரை திறந்த இன்டிசைன் பைல், மென்பொருளைப் புதுப்பித்த பின் எழுத்துரு இல்லை என்று சொன்னால் இதுவும் காரணமாக இருக்கலாம். அதே எழுத்துருவின் டீடிஎப் வடிவம் கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பழைய பதிப்பு இருக்கும் மெசினில் திறந்து வேலையை முடியுங்கள்.

ஆறாவது, பேஜ்மேக்கர் இல்லாதவர்களுக்கு. இன்டிசைனின் பழைய பதிப்புகள், சிஎஸ்6 வரை, பேஜ்மேக்கர் 6, 7 பைல்களைத் திறக்கும். இன்று புதிதாகப் போடும் இன்டிசைன் திறக்காது. ஆகவே பழைய மெசினை "ஸ்லோ" என்று இரும்புக்குப் போடு முன்பு, அதில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய மென்பொருள், பழைய எழுத்துரு, பழைய பைல் மூன்றும் ஒன்றாக இருக்கும் ஒரு மெசின் ஊரில் இருந்தால் அது ஊரின் சொத்து.

தமிழ் தெரியத் தொடங்கியதும் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். அதை யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். இதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. பாமினி வசனத்தை ஒரு பெட்டியில் போட்டால் மறுபெட்டியில் யூனிகோட் வரும். ஆனால் மாற்றி ஒரு மெசின். பாமினியில் அடித்த வசனத்துக்கு நடுவில் ஆங்கிலமோ குறியீடோ இருந்தால் அதையும் தமிழ் என்று எடுத்துக்கொள்ளும். பாமினியில் வீதக் குறியின் இடத்தில் 'மூ' இருக்கிறது. அதனால் 85% என்பது 85மூ ஆகிவிடும். சாய்கோட்டின் இடத்தில் 'ஃ' இருக்கிறது. அதனால் 10/05 என்ற திகதி 10ஃ05 ஆகிவிடும். ஆங்கிலத்தில் அடித்த ஐசீடி என்ற மூன்றெழுத்து 'ஐஊவு' ஆகும். ஓ/எல் என்பது 'ழுஃடு' ஆகும். பத்திரிகைகளிலும் அறிக்கைகளிலும் "50மூ மாணவர்கள்" என்று கண்டு குழம்பியிருப்பீர்கள். காரணம் இதுதான்.

ஆகவே மாற்றிய பின் நான்கைத் தேடிப் பாருங்கள்: இலக்கத்துக்குப் பின்னால் வரும் 'மூ', திகதிகளுக்குள் 'ஃ', ஆங்கிலச் சொற்கள், ஆட்களின் பெயர்கள். பெயர்களை மூலப் பிரிண்டோடு ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும். நம் பெயர்களில் ஜ, ஷ, ஸ, ஹ அதிகம். ஜெஸீமா, ஹாஜரா, ஸித்தீக் என்றாலும், புஷ்பராணி, ஜெயந்தி என்றாலும் பழைய எழுத்துருக்கள் தடுமாறும் இடம் அதுவே. பாடசாலை அனுமதி, பிறப்புப் பதிவு, காணி என்று ஓர் எழுத்துக்காக அலைந்தவர்கள் எத்தனை பேர் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

யூனிகோட்டுக்கு மாற்றினால் இன்னொரு நன்மை, தேடலாம். பாமினிப் பைலில் 'வாகரை' என்று யூனிகோட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தானே. ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் திட்டம் 2005 முதல் ஆயிரக்கணக்கான புத்தகங்களையும் மலர்களையும் இணையத்தில் பாதுகாத்து வருகிறது. எங்கள் ஊர்களின் மலர்களும் அங்கே போக வேண்டும். ஸ்கேன் செய்த படத்தோடு, தேடக்கூடிய எழுத்தையும் நாமே கையில் வைத்திருந்தால் நாளைக்கு ஒரு பிள்ளை தன் மூத்தாப்பாவின் பெயரைத் தட்டித் தேடலாம்.

அரபு விசயமாக ஒன்று, எங்கள் பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும். நபிகளாரின் பெயருக்குப் பின்னால் வரும் ஸலவாத்தின் அரபு முத்திரை யூனிகோட்டில் ஒரே ஓர் எழுத்தாக இருக்கிறது. பல தமிழ் எழுத்துருக்களில் அது கிடையாது. அப்போது வெறும் பெட்டி வரும். அந்த ஓர் எழுத்தை மட்டும் தெரிவு செய்து அரபு எழுத்துரு கொடுங்கள். குர்ஆன் ஆயத் என்றால் இன்னும் கவனம். அரபுக்கு ஆயத்தம் செய்யாத மென்பொருளில் எழுத்துகள் பிரிந்து பிரிந்து, வரிசை மாறித் தெரியலாம். அரபு வாசிக்கத் தெரியாத தட்டச்சாளருக்கு அது பிழை என்று தெரியாது. ஆயத்தைச் சரிபார்த்த முஸ்ஹபில் இருந்து படமாக எடுத்து வைத்து, அச்சுக்குப் போகு முன் ஒரு மௌலவியிடம் காட்டுவதுதான் பாதுகாப்பு.

இனிமேல் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம்.

கடையில் வேலை கொடுக்கும்போது அடித்த தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூன்று சாமான் கேளுங்கள். ஒன்று, எழுத்துரு உள்ளே கட்டிய பீடிஎப். இரண்டு, இன்டிசைன் என்றால் 'பெக்கேஜ்' செய்த போல்டர். அதற்குள் பைல், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். எழுத்துருக்கள் இருக்கும் அந்த உள் போல்டரைப் பைலுக்குப் பக்கத்தில் வைத்தபடியே திறந்தால் இன்டிசைன் தானாக அவற்றை எடுத்துக்கொள்ளும். மூன்று, வெறும் எழுத்தாக யூனிகோட் பிரதி. காசு கொடுத்தவர்கள் கேட்பதில் வெட்கம் இல்லை. கடைக்காரருக்கும் இது சில நிமிட வேலை.

பாடசாலைகளில் வினாத்தாள் அடிப்பவர்கள் யூனிகோட்டுக்கு மாறுவோம். "எங்களுக்குப் பாமினிதான் கைப்பழக்கம், இனி எப்புடிப் படிக்கிற" என்று மூத்த டீச்சர்மார் சொல்வது நியாயம். ஆனால் விரலை மாற்றத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது. நீங்கள் வழமைபோல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டுவீர்கள், பைலுக்குள் யூனிகோட் 'அம்மா' பதிவாகும். எழுத்துருவுக்கும் காசு தேவையில்லை. விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இலவசம். எழுத்துரு இல்லாதபோது வரும் அந்த வெறும் பெட்டிக்கு 'டோஃபு' என்று பட்டப்பெயர். டோஃபுவே வரக்கூடாது, 'நோ டோஃபு', என்பதில் இருந்து வந்த பெயர்தான் நோட்டோ.

அவசரம் எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் எழுதிய சீடி எப்போதும் அப்படியே இருக்காது. வெயிலும் உப்புக்காற்றும் உள்ள எங்கள் ஊரில் அதன் தகடு கெதியாகப் பழுதாகும். சீடி போடும் லெப்டொப் இப்போது கடையிலேயே அருமை. பாமினியில் பக்கம் கட்டிய தலைமுறைக்கும் வயது போகிறது. எந்த மலரை எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் வீட்டு அலுமாரி, சங்கக் கட்டடம், பள்ளிவாசல் ஒபிஸ், கோயில் காரியாலயம் எல்லாவற்றிலும் கிடக்கும் சீடி, பிளொப்பி, பழைய பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒன்று சேருங்கள். ஒவ்வொன்றின் மேலும் எந்த வருசம், யார் அடித்தது, எதைப் பற்றியது என்று தெரிந்தவரைக் கேட்டு எழுதுங்கள். திறக்கத் தெரிந்தால் மேலே சொன்ன மாதிரிச் செய்து பாருங்கள். தெரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். தரம் 10, 11இல் கணினி படிக்கும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒன்றாக இருந்து திறந்து பார்ப்போம். வாகரையோ ஓட்டமாவடியோ, யாருடைய பைல் என்றாலும் சரி.

இதை வாசிக்கும் தட்டச்சுக் கடைச் சகோதரர்களே, உங்கள் பழைய மெசினில் உள்ள எழுத்துரு போல்டரை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் கைவேலை நிறைய அதில் இருக்கிறது. எந்த மலரை எந்த எழுத்துருவில் செய்தீர்கள் என்று ஞாபகம் இருப்பவர்கள் கீழே எழுதினால், தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது உதவும்.

அல்லாஹ் நம் எல்லோருடைய முயற்சியையும் ஏற்றுக்கொள்வானாக.